சங்கிலிப்பாண்டியின் லோடு

பியூஸ் கட்டைகள் மூன்றும் சங்கிலிப்பாண்டியின் மடியில் இருந்தன, கிரஷர் மோட்டாருக்குப் போகிற வழியில் சொட்டு மின்சாரம் கிடையாது, ஆனாலும் பேனலில் அதன் அம்மீட்டர் முள் பூஜ்யத்தை விட்டு மெல்ல எழுந்தது. வெங்கிட்டு முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வெளியே கர்க்கடக மாதத்து அடைமழை தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது. அம்மோனியாவின் காரமும், சுவரில் பூத்த பூஞ்சையின் நாற்றமும், அடுத்த கிடங்கிலிருந்து வரும் சுக்கு வாசனையும் ஒன்றாகக் கலந்து அந்தச் சின்ன அறையில் தேங்கி நின்றன. சாயங்காலம்தான் என்றாலும் டியூப்லைட் இல்லாமல் எதுவும் தெரியாத இருட்டு. முள் அவசரப்படவில்லை. சிவப்புக் கோட்டைத் தொட்டது, தாண்டியது, அங்கேயே சற்று நேரம் நடுங்கிக்கொண்டு நின்றது, பிறகு ஏறியதைவிட மெதுவாக இறங்கிப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.

மனுஷர் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. வாசலில் ஊற்றின பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் உள்ளே எடுத்துப் போக மாட்டார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருக்கோடி வரை போனவர் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். உலகத்தில் நீங்கள் நம்புகிற ஒரே ஜீவன் அந்த முள்தான் என்று மனைவி கமலாக்ஷி கேலி செய்வாள், அவரும் அதை மறுத்ததில்லை. மட்டாஞ்சேரிக் கரையோரத்து அந்த ஐஸ் பாக்டரியில் பேனல் ஆபரேட்டராக வந்த நாளிலிருந்து, முள் சொன்னதும் நடந்ததும் அவருக்கு ஒருநாளும் வேறுவேறாக இருந்ததில்லை.

அங்கே வேலையே அப்படித்தான். கம்ப்ரெஸர், உப்புநீர் பம்பு, கலக்கி, கிரஷர் என்று எல்லா மோட்டாருக்கும் ஒரே அறையில் ஸ்விட்சு, ஒரே சுவரில் வரிசையாக மீட்டர். ஐஸ் கட்டியை உடைத்துத் தூளாக்கும் கிரஷர் மட்டும் முற்றத்துக்கு அந்தப் பக்கம், படகுத்துறையை ஒட்டிய கொட்டகையில் இருந்தது. பேனல் அறையிலிருந்து அது தெரியாது. கம்ப்ரெஸர் இரைச்சலில் அதன் சத்தமும் கேட்காது. முள்ளைப் பார்த்தே அவர் எல்லாம் தெரிந்துகொள்வார். ஐஸ் கட்டி பல் உருளைகளுக்கு நடுவில் விழுந்தால் முள் குதிக்கும், உடனே விழும். ஐஸ் உருகாமலிருக்கப் போடும் உமி அதோடு நிறைய ஒட்டி வந்தால் கொஞ்சம் தள்ளாடும். கயிறு சுற்றிக்கொண்டால் விட்டு விட்டு இழுக்கும். போன வருஷம் பஜாரில் திரிகிற ஆடு ஒன்று, ஐஸ் ஏற்றும் பட்டையின் மேல் நடந்து போய் உள்ளே விழுந்துவிட்டது. அப்போதுதான் முள் குதிக்காமல், மெதுவாக, கனமாக, விடாமல் ஏறி நின்றதை அவர் முதல்முறையாகப் பார்த்தார். அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை. ஓடிப்போய்ப் பார்த்த பிறகு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு முள் ஏறியது அந்த மாதிரிதான். ஆட்டுக்கு ஏறியதைவிட அதிகமாகவே ஏறியது.

கடைசி லாரி போன பிறகு தினமும் ஒரு ஆள் கிரஷருக்குள் இறங்கி, பல் இடுக்கில் சிக்கிய உமியையும் கயிற்றுத் துண்டுகளையும் கையால் எடுக்க வேண்டும். இறங்குகிறவன் சங்கிலிப்பாண்டி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், பள்ளுருத்தியில் வாடகைக் குடிசை, மனைவி ஒச்சம்மாள், கைக்குழந்தை ஒன்று. அவன் இறங்குவதற்கு முன் வெங்கிட்டு கிரஷரின் மெயினை அணைத்து, பீங்கான் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி அவன் கையில் கொடுப்பார். அவன் அதை மடியில் கட்டிக்கொண்டுதான் உள்ளே காலை வைப்பான். பியூஸ் தன் மடியில் இருக்கிறவரை எவனாலும் மோட்டாரை ஓட்ட முடியாது என்கிற தைரியம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. அந்தப் பாக்டரியில் ஆளுக்கு ஆள் கைமாறி வந்த பழக்கம். அவன் உயிர் தன் கையில் இருப்பது வெங்கிட்டுவுக்குத் தெரியும்.

கதவைத் திறந்து ஓடப்போனவர் வாசலிலேயே நின்றார். சங்கிலிப்பாண்டி முற்றத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தான். முழுசாக, இரண்டு காலோடு, மழையில் நனைந்துகொண்டு. மடியை அவிழ்த்துக் கட்டைகளை நீட்டினான். பீங்கான் ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது.

"முடிஞ்சிருச்சு சாமி," என்றான்.

உள்ளே ஏதாவது அசைந்ததா, உருளை சுற்றியதா என்று வெங்கிட்டு குடைந்து குடைந்து கேட்டார். எப்படிச் சாமி சுத்தும், கட்டை என்கிட்டல்ல இருந்துச்சு என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு வழக்கத்தைவிட ஒரு கணம் தாமதமாக வந்ததுபோல் அவருக்குத் தோன்றியது. தோன்றினதெல்லாம் நம்பினால் குடும்பம் நடத்த முடியாது என்று தன்னையே திட்டிக்கொண்டு விளக்கை அணைத்தார்.

மறுநாளிலிருந்து அவர் முறைப்படி சந்தேகப்பட ஆரம்பித்தார். முதல் சந்தேகம் புதுப் பெட்டி மேல். போன மாதம்தான் மேனேஜர் கோயம்புத்தூரிலிருந்து சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை வரவழைத்துப் பேனலில் மாட்டியிருந்தார். மோட்டார் எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். லோடு கூடினால் ஐஸ் ஏற்றும் பட்டையை நிறுத்தும், குறைந்தால் தானே ஓட்டும், சிவப்புக் கோட்டைத் தாண்டினால் மோட்டாரையே அணைத்துச் சிவப்பு விளக்கைப் போடும். அதன் பொத்தானை அமுக்குகிறவரை அந்த விளக்கு அணையாது. முதல் நாள் முள் ஏறியபோது அதுவும் எரிந்துதான் இருந்தது. இனி ஆள் பார்க்க வேண்டாம், பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்று மேனேஜர் பெருமையாகச் சொன்னபோதே வெங்கிட்டுவுக்கு அதைப் பிடிக்காமல் போய்விட்டது. இப்போது அதன் வயர்களைக் கழற்றி விட்டார். சாயங்காலம் சங்கிலிப்பாண்டி இறங்கினான். முள் ஏறியது. பெட்டி குற்றவாளி இல்லை என்று தெரிந்ததும் வேண்டாவெறுப்பாக அதைத் திரும்ப மாட்டினார்.

அடுத்தது மீட்டர். மழைக்காலத்தில் ஈரம் இறங்கியிருக்கலாம். ஸ்டோரிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினார். அதிலும் முள் ஏறியது. மெதுவாக, கனமாக, அதே மாதிரி. இந்த முறை பெட்டியும் டக்கென்று சத்தம் போட்டது. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்றால் மோட்டார் நிஜமாகவே எதையோ அரைக்கிறது.

அப்படியானால் சங்கிலிப்பாண்டி திருட்டு வேலை பார்க்கிறான். இன்னொரு செட் பியூஸ் எங்கேயோ வைத்திருக்கிறான், எப்படியோ கம்பி இழுத்திருக்கிறான், துறையில் காத்திருக்கும் படகுக்காரனுக்குக் கணக்கில் வராத ஐஸை உடைத்துக் கொடுக்கிறான். இந்த எண்ணம் வந்ததும் வெங்கிட்டுவுக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் வந்தது. திருட்டு என்றால் மனுஷக் காரியம், பிடித்துவிடலாம். கேபிளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிப் பார்த்தார். துறையில் போய் நின்றார். எதிரே வெலிங்டன் தீவின் விளக்குகள் மழையில் மங்கலாக எரிந்தன, வல்லார்பாடம் பக்கம் ஒரு படகு டீசல் புகை விட்டுக்கொண்டு போனது. கிரஷருக்குக் கீழே ஐஸ் தூள் விழுகிற சரிவில் படகும் இல்லை, தூளும் இல்லை. கேபிளில் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்கப்புறம்தான் அவர் முள்ளை விட்டுவிட்டு ஆளைக் கவனிக்க ஆரம்பித்தார்.

சாயாக்கடைச் சேட்டனிடம் சங்கிலிப்பாண்டி வழக்கம்போல் சாயா வாங்கினான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான், ஆறி ஏடு படியும் வரை. பிறகு கீழே ஊற்றினான். பீடியைக் காதில் செருகியிருந்தான், பற்ற வைக்கவில்லை. ஈரச் சட்டையை மாற்றவில்லை. தொட்டால் கை சில்லிட்டிருந்தது. ஐஸ் பாக்டரிக்காரன் கை வேறு எப்படி இருக்கும், மழையில் நனைந்தவன் சட்டை வேறு எப்படி இருக்கும் என்று வெங்கிட்டு தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது, அதை அவர் கமலாக்ஷியிடம்கூடச் சொல்லவில்லை. முள் ஏறுகிற உயரம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. முதல் நாள் சிவப்புக் கோட்டுக்கு மேல். அப்புறம் கோடு வரை. அப்புறம் பாதி. உள்ளே அரைக்க வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டு வருகிறது என்று அவருடைய அனுபவம் சொன்னது. என்ன தீர்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்காமலிருக்கப் பாடுபட்டார்.

ஒருநாள் சங்கிலிப்பாண்டி கட்டைகளோடு கொட்டகைக்குப் போன சற்று நேரத்தில் கரண்டு போனது. பாக்டரிக்கு மட்டுமல்ல, பஜார், தெரு, துறைமுகம் வரை எல்லாம் ஒரே சமயத்தில் அவிந்தது. கம்ப்ரெஸர் பெருமூச்சு விட்டு நின்றது. டார்ச்சை எடுத்துப் பேனல் மேல் அடித்தார் வெங்கிட்டு. கம்ப்ரெஸர் முள் விழுந்தது. பம்பு முள் விழுந்தது. கலக்கி முள் விழுந்தது. கடைசியில் இருந்த கிரஷர் முள், மட்டாஞ்சேரி முழுக்க எங்கேயும் மின்சாரம் இல்லாத அந்த நேரத்தில், நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறையில் நிசப்தத்தைக் கேட்டதே இல்லை. இப்போது கேட்டார். கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர். எங்கேயோ ஒரு ஆடு. முற்றத்துக்கு அந்தப் பக்கம் சங்கிலிப்பாண்டி மூக்காலே ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தான். அந்த முனகலுக்கு அடியில் இன்னொரு சத்தம். நனைந்த துணியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து முறுக்கிப் பிழிகிற சத்தம்.

ஓடினார். கொட்டகை வாசலில் நின்று டார்ச்சை அடித்தார். கிரஷரின் இரும்பு வாய்க்கு மேலே சங்கிலிப்பாண்டியின் தலை, தோள், மார்பு. இடுப்புக்குக் கீழே உள்ளே இருந்தது. முனகல் நின்றது. சத்தமும் நின்றது. அவன் முகம் திரும்பியது.

"என்ன சாமி, நனைஞ்சு வந்திருக்கீங்க."

வெங்கிட்டு டார்ச்சைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"வெளிச்சத்தை உள்ள அடிக்காதீங்க, சாமி. கண்ணு கூசுது."

இரண்டு அடி முன்னால் போய் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த இரண்டு அடியை எடுத்து வைக்க அவருக்குக் கால் வரவில்லை. பயந்தார், அவ்வளவுதான். பேனல் அறைக்குத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கரண்டு வருகிறவரை ராமா ராமா என்று சொல்லிக்கொண்டிருந்தார். கரண்டு வந்ததும் சங்கிலிப்பாண்டியும் வந்தான். இரண்டு காலோடு. முழுசாக.

மறுநாள் மத்தியானம் ஒச்சம்மாள் பாக்டரி கேட்டுக்கு வந்தாள். தோப்பும்படியில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்பவள். இடுப்பில் குழந்தை, கையெல்லாம் இறால் வாடை. புருஷனைப் பார்க்க வந்திருப்பாள் என்று நினைத்து வெங்கிட்டு அவனைக் கூப்பிடப் போனார். வேண்டாம் சாமி, உங்களைத்தான் பார்க்க வந்தேன் என்று தடுத்தாள். கேட்டுக்கு வெளியே, மிளகு மூட்டை ஏற்றி வந்த கைவண்டிகளுக்கு நடுவில் நின்று, அவனுக்கு இங்கே ஏதாவது அடிபட்டதா என்று கேட்டாள். இல்லை என்றார். மறைக்காமல் சொல்லச் சொன்னாள். அவர் சத்தியம் செய்தார்.

"ராத்திரி கட்டுல்ல வந்து படுக்குறாரு. கயித்துக் கட்டுலு, சாமி. பூனை ஏறுனாக்கூட முனங்கும். அவரு படுத்தா முனங்கல. கயிறு தொய்யவே மாட்டேங்குது." குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "புள்ளயத் தூக்குறேன்னு கைய நீட்டுறாரு. இவன் வீறிடுறான். எனக்குக் குடுக்க மனசு வரல."

கைவண்டி ஒன்று வழி கேட்டது, இருவரும் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

"எங்கண்ணன் ஞாயித்துக்கெழமை வர்றான். புள்ளயோட அவங்கூட ஊருக்குப் போகட்டா, இங்கனயே இருக்கட்டா? அது எங்க வீட்டு ஆளுதானான்னு நீங்கதேன் பாத்துச் சொல்லணும். தெனமும் அவருகூட இருக்கது நீங்கதானே."

அவர் சொல்லியிருக்கலாம். போ, இன்றைக்கே போ என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஒரு குடும்பம் பிரிகிற விஷயம். ஒரு முள்ளை நம்பி, ஆறிப்போன ஒரு கிளாஸ் சாயாவை நம்பி, ஒரு பெண்ணைப் புருஷனிடமிருந்து பிரித்து அனுப்புவதா? தான் சந்தேகப்பட்டது பொய் என்று ஆனால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கரைப்பது? சனிக்கிழமை சாயங்காலம் வா, பார்த்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பி வைத்தார்.

எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மீட்டர் இல்லை, டெஸ்டர் இல்லை, வயரில் கரண்டு இருக்கிறதா என்று தெரிய வேண்டும் என்றால் புறங்கையால் லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்வார்கள். வெங்கிட்டு ஆயிரம் தடவை செய்திருக்கிறார். இப்போது அவருக்குத் தோன்றிய வழியும் அதுதான். பியூஸைத் தன் மடியில் கட்டிக்கொண்டு தானே கிரஷருக்குள் இறங்குவது. முள் அப்போதும் ஏறி, தனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் முள் பொய், சங்கிலிப்பாண்டி மனுஷன், அவள் இருக்கலாம். முள் அசையவே இல்லையென்றால் அவனிடம்தான் கோளாறு, அவள் போய்விடட்டும். இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று, அவ்வளவு சந்தேகப்படுகிற மனுஷருக்கு, ஏனோ தோன்றவில்லை.

சனிக்கிழமை மேனேஜர் சீக்கிரமே எர்ணாகுளம் போட் ஏறினார். கடைசி லாரியும் போனது. அன்றைய மழை பொழுதோடு இருட்டிக் கொட்டியது. ஒச்சம்மாள் குழந்தையோடு கேட்டை ஒட்டிய தாழ்வாரத்தில் வந்து நின்றாள். வெங்கிட்டு தன் டார்ச்சை அவள் கையில் கொடுத்தார். அங்கிருந்து பேனல் அறை வாசலும் கொட்டகை வாசலும் இரண்டும் தெரியும். உன் ஆள் அறையை விட்டு வெளியே வருகிறானா என்று மட்டும் பார் என்றார். அறைக்கு வந்து, பெட்டியின் பொத்தான் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். யாராவது அமுக்கி விளக்கை அணைத்தால் டேப் காட்டிக் கொடுத்துவிடும். யாரையும் நம்புவதாக இல்லை அவர்.

சங்கிலிப்பாண்டி வழக்கம்போல் பியூஸுக்காகக் கை நீட்டினான்.

"இன்னிக்கு நீ எறங்க வேண்டாம். நான் எறங்கறேன். நீ இங்கேயே இரு, கேட்டியோ. முள்ளைப் பாத்துண்டிரு."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. தலையை ஆட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"செரி சாமி. எனக்கும் இனிமே ஒண்ணும் மிச்சமில்ல."

என்ன மிச்சமில்லை என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் கால் பின்வாங்கிவிடும். மெயினை அணைத்தார், கட்டைகளைப் பிடுங்கினார், மூன்றையும் மடியில் இறுக்கிக் கட்டினார். கட்டினதை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

லாரிச் சக்கரம் பதிந்த பள்ளங்களில் மத்தியானம்தான் புது மண் கொட்டியிருந்தார்கள். மழையில் அது கூழாகியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் வரை புதைந்து, பிடுங்கிப் பிடுங்கி நடந்தார். கொட்டகைக்குள் ஒற்றை பல்பு. மீன் வாடை, துருவின் வாடை, ஐஸ் உருகின தண்ணீரின் வாடை. இரும்பு ஏணியில் ஏறும்போது முழங்கால் வழக்கம்போல் நறநறத்தது. கிரஷரின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே பார்த்தார். இரண்டு உருளைகள். பற்கள். இடுக்கில் உமி. வேறொன்றும் இல்லை.

இறங்கினார்.

வெறுங்காலுக்குக் கீழே இரும்பு குளிர்ந்தது. ஒரு பல் உள்ளங்காலில் குத்தியது. அசையாமல் நின்றார். மடியைத் தொட்டுப் பார்த்தார். மூன்றும் இருந்தன. காத்திருந்தார். தூரத்தில் கம்ப்ரெஸர். கூரையில் மழை. உருளை அசையவில்லை. ஒரு மயிரிழைகூட அசையவில்லை. உள்ளங்காலிலிருந்து குளிர் மேலே ஏறியது, கணுக்காலுக்கு, முழங்காலுக்கு, தொடைக்கு, இடுப்புக்கு. இரும்புதானே, குளிரத்தான் செய்யும். குனிந்து கொஞ்சம் உமியை எடுத்துப் போட்டார். காலால் ஒருதரம் ஓங்கி மிதித்தும் பார்த்தார்.

ஒன்றும் இல்லை.

சிரிப்பு வந்தது அவருக்கு. இத்தனை நாள் தூக்கம் கெட்டு, ஒரு பெண்ணை அழ வைத்து, ஒரு அப்பாவியைப் பேயாக்கி, அடச்சே என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். ஏறி வெளியே வந்தார். இந்த முறை முழங்கால் வலிக்கவில்லை. வந்த வேகத்தில் முற்றத்தைக் கடந்து வந்ததுகூடத் தெரியவில்லை. அவ்வளவு இலேசாக இருந்தது. ஒச்சம்மாளிடம் என்ன சொல்வது என்று வார்த்தையைத் தயார் செய்துகொண்டே படியேறினார். பயப்படாதே, உன் ஆள்தான், உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

அறைக்குள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டேப் ஒட்டினபடி இருந்தது. சங்கிலிப்பாண்டி பெஞ்சில் உட்கார்ந்தபடி இருந்தான். கிரஷர் முள் சிவப்புக் கோட்டுக்கு மேலே நின்றது. முதல் நாள் அவனுக்கு நின்ற உயரம். நடுங்கிக்கொண்டு. கனமாக.

வெங்கிட்டு மடியை அவிழ்த்தார். மூன்று கட்டைகள். உள்ளங்கையில் வைத்து அவனுக்குக் காட்டினார்.

"நேக்கு ஒண்ணும் ஆகலையேடா."

சங்கிலிப்பாண்டி முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொத நாளு அப்பிடித்தேன் தெரியும், சாமி."

பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டான்.

அவர் உட்காரவில்லை. வாசலுக்கு வந்தார். ஒச்சம்மாளிடம் சொல்ல வேண்டும். இப்போதே. போ என்று. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே என்று. குரல் எடுத்துக் கூப்பிட்டார்.

அவள் ஏற்கெனவே தாழ்வாரத்தை விட்டு முற்றத்தில் இறங்கியிருந்தாள். இடுப்பில் குழந்தை. கையில் டார்ச். அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டார்ச் வெளிச்சம் அறைப் படியிலிருந்து தொடங்கியது. சேற்றில் அவருடைய காலடிகள். ஆழமாக. குதிகாலும் விரல்களும் தெளிவாக. ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர். வெளிச்சம் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. முற்றத்தின் நடு வரை. கொட்டகை வாசல் வரை. அங்கே நின்றது.

அங்கிருந்து அது திரும்பியது. அவர் நடந்து வந்த வழியே. மெதுவாக. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டு. சேறு வழவழவென்று இருந்தது. மழைத்துளி விழுந்த புள்ளிகள் மட்டும். ஒரு காலடிகூட இல்லை. வெளிச்சம் மறுபடி கொட்டகைக்குப் போனது, மறுபடி திரும்பி வந்தது. முற்றத்தில் இருந்தது போன காலடிகளின் ஒரே வரிசை.

வெளிச்சம் படியேறியது. அவர் பாதத்தில் விழுந்தது. வேட்டியில். முகத்தில்.

"ஒச்சம்மா," என்றார். குழந்தை வீறிட்டது.

அவள் பிள்ளையை அவருக்கு எட்டாத பக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, டார்ச்சை அவர் முகத்திலிருந்து எடுக்காமலே, ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனாள்.